தீபாவளியிலிருந்து பொங்கல் வரை: எச்.ஓ.ஏ. குடியிருப்பில் பண்டிகைக் காலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் புறநகரில் முதல் வீடு வாங்கும்போது வட்டி விகிதம், சொத்து வரி, பள்ளியின் மதிப்பெண் எல்லாவற்றையும் பத்துத் தடவை பார்க்கிறோம். கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில் இருக்கும் எச்.ஓ.ஏ. (குடியிருப்பை நடத்தும் வீட்டுக்காரர்கள் சங்கம்) விதிகளை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கராஜ் அலமாரியில் போட்டுவிடுகிறோம். அந்த அப்புறம் அக்டோபரில் வரும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே வாசலில் ஆசையாக விளக்குச் சரம் கட்டுவோம். அடுத்த வாரம் நிர்வாக நிறுவனத்திடமிருந்து படத்தோடு ஒரு கடிதம் வந்து நிற்கும்.

எச்.ஓ.ஏ. எழுதியிருக்கும் பண்டிகை விதிகளின் மனதில் இருப்பது ஹாலோவீன், தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், புத்தாண்டு. நம் வரிசை நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, பொங்கல். இரண்டு வரிசையும் ஒரே நான்கு மாதத்துக்குள் முட்டிமோதிக்கொண்டு வருகின்றன. 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. நம்முடையதையும் இதற்குள் சண்டை இல்லாமல் நுழைக்க இரண்டு வேலைகள் போதும்: வேண்டியதை முன்கூட்டியே எழுத்தில் கேட்பது, அக்கம்பக்கத்தாரிடம் அவர்கள் பண்டிகையிலேயே பழகிக்கொள்வது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டின் விவரம்தான்.

படி 1: ஆகஸ்டில் விதிகளைப் புரட்டுங்கள்

நூறு பக்கத்தையும் படிக்க வேண்டாம். அலங்காரம், விளக்கு, வாகன நிறுத்தம், திறந்த நெருப்பு, பொது இடம், இடையூறு என்ற ஆறு தலைப்புகள் போதும். கோப்பைக் கணினியில் திறந்து தேடினால் அரை மணி நேர வேலை.

அதைவிட முக்கியம், அந்த விதி எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பது. எச்.ஓ.ஏ.வின் காகிதங்கள் பொதுவாக மூன்று அடுக்கு. கவுன்ட்டியில் பதிவான மூல உடன்படிக்கை முதலாவது. அதை மாற்ற வீட்டுக்காரர்களில் பெரும் பங்கினர் வாக்களிக்க வேண்டும், பல இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு. அடுத்தது சங்கத்தை எப்படி நடத்துவது என்று சொல்லும் துணைவிதிகள். மூன்றாவது, நிர்வாகக் குழு தானே கூட்டத்தில் வாக்கெடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய நடைமுறை விதிகள். விளக்கு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் இருக்கும். அதாவது, "தேங்க்ஸ்கிவிங் முதல் ஜனவரி 15 வரை" என்று இருப்பதை "அக்டோபர் 1 முதல்" என்று மாற்ற ஐந்து பேர் ஒரு மாலை கையைத் தூக்கினால் போதும். அந்த ஐந்து பேரும் சம்பளம் வாங்காத உங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். காரில் சுற்றிவந்து படமெடுத்துக் கடிதம் அனுப்புவது கூலிக்கு அமர்த்திய நிர்வாக நிறுவனம். அவர்களிடம் தொலைபேசியில் கத்திப் பயனில்லை. முடிவு அவர்கள் கையில் இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே மாநிலச் சட்டம் இருக்கிறது. டெக்சஸில் 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மத நம்பிக்கை சார்ந்து வீட்டில் வைக்கும் அலங்காரத்தை எச்.ஓ.ஏ. ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது. பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கலிஃபோர்னியாவில் வாசல் கதவில் மதச் சின்னம் வைக்க உரிமை உண்டு, அளவு 36-க்கு 12 அங்குலத்துக்குள். நிலைவாசலில் மாவிலைத் தோரணமோ ஒரு சின்ன பிள்ளையார் படமோ வைக்க அது தாராளம். ஃபுளோரிடாவில் 2024 ஜூலை முதல், பண்டிகை விளக்கை விதியில் உள்ள நாளுக்கு மேல் விட்டுவைத்தால் எடுத்த எடுப்பில் அபராதம் போட முடியாது. எழுத்தில் தெரிவித்து ஒரு வாரம் தர வேண்டும்.

உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லை மீறினால் என்னாகும் என்பதற்கு ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில் ஒரு வழக்கு உண்டு. ஒருவர் இரண்டு லட்சம் விளக்குகள், பாடகர் குழு, ஒட்டகம், பார்வையாளர்களை ஏற்றிவரப் பேருந்து என்று கிறிஸ்துமஸ் கொண்டாட, எச்.ஓ.ஏ.வோடு தகராறு முற்றி நீதிமன்றத்துக்குப் போனது. 2018-இல் ஜூரி அவருக்கு 75,000 டாலர் தரச் சொன்னது. 2019-இல் நீதிபதி அதை ரத்து செய்தார். மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது 2024-இல். ஒட்டகம் வாங்கும் எண்ணம் நமக்கு இல்லை என்றாலும், ஒரு விளக்குச் சண்டை எத்தனை ஆண்டு இழுக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

படி 2: நிர்வாகக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல்

தேதிகள் தீபாவளிக்குப் பொருந்தவில்லை என்றால் ஆகஸ்டு கடைசிக்குள் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். பண்டிகை எந்தத் தேதி, 2026-இல் நவம்பர் 8 ஞாயிறு என்று முதல் வரியில் இருக்கட்டும். ஆண்டுதோறும் தேதி நகரும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி எழுத வேண்டும். கேட்பது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "விளக்கு அனுமதியைத் தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பிருந்து தொடங்கலாமா?" இரவு எத்தனை மணிக்கு அணைப்பீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கும் வீடுகள் நான்கைந்து சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. குஜராத்தி, தெலுங்கு, நேபாளி வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பென்சில்வேனியா 2024-இலும் கலிஃபோர்னியா 2025-இலும் தீபாவளியை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை இயற்றின. இதை ஒரு வரியில் குறிப்பிடலாம். மதத்தின் பெயரால் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1968-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தை முதல் மின்னஞ்சலிலேயே உருவ வேண்டாம். அதை எடுத்த நிமிடம் உங்கள் மின்னஞ்சல் வழக்கறிஞருக்குப் போகும், பதில் வர மூன்று மாதம் ஆகும்.

கூரை விளிம்பின் அடியில் நிரந்தரமாகப் பதிக்கும் வண்ண விளக்கு வாங்குவதாக இருந்தால் அது வேறு கணக்கு. அதைப் பண்டிகை அலங்காரமாகப் பார்க்க மாட்டார்கள். வீட்டின் வெளித்தோற்ற மாற்றம் என்று வடிவமைப்புக் குழுவின் ஒப்புதல் கேட்பார்கள். ஆணி அடிக்கும் முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

படி 3: கிளப்ஹவுஸைப் பிடிப்பது

டிசம்பர் சனிக்கிழமைகள் செப்டம்பருக்குள் தீர்ந்துவிடும். அக்டோபர், நவம்பர் சனிக்கிழமைகள் அவ்வளவு சீக்கிரம் போகாது. தீபாவளி விருந்து வைக்கும் நமக்கு அது ஒரு வசதி. வாடகை, திரும்பக் கிடைக்கும் முன்பணம், ஆள் எண்ணிக்கை வரம்பு இவற்றைக் கேட்பீர்கள். கேட்க மறப்பவை வேறு. சமையலறை சூடுபடுத்த மட்டுமா, பொரிக்கவும் அனுமதியா? பெரும்பாலும் சூடுபடுத்த மட்டும்தான். அங்கே போய் வடை போடலாம் என்று மாவோடு போகாதீர்கள். ஒரு நாள் காப்பீடு கேட்கிறார்களா? குத்துவிளக்கு ஏற்றலாமா? திறந்த நெருப்பு கூடாது என்று இருந்தாலும், ஒரே ஒரு விளக்கு, அடியில் தாம்பாளம், பக்கத்தில் ஆள் என்று எழுதிக் கேட்டால் பல இடங்களில் சம்மதிக்கிறார்கள். கற்பூரம் மட்டும் வேண்டவே வேண்டாம். புகை உணர்கருவி அலறி, தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்ற விருந்தை யாரும் பத்து வருஷத்துக்கு மறக்க மாட்டார்கள்.

விருந்தினர் கார்களை எங்கே நிறுத்துவது என்று அழைப்பிலேயே எழுதுங்கள். கொலு பார்க்க மாலையில் பத்துப் பேர் வந்தாலும் இதே பிரச்சினைதான். இரவில் தெருவில் நிறுத்தத் தடை உள்ள குடியிருப்புகளில் இழுவை வண்டி கேள்வி கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விடும்.

படி 4: விளக்குகளும் மின்சாரமும்

ஊரிலிருந்து சீரியல் செட் கொண்டுவருவது வீண். அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே 120. மங்கலாக எரியும் என்பது ஒரு பக்கம். இங்கத்திய பாதுகாப்பு முத்திரை இல்லாத சரத்தை மழையில் விடுவது ஆபத்து. கடையில் "வெளிப்புறத்துக்கு" என்று அச்சிட்ட எல்.ஈ.டி. சரமும், அதேபோல வெளிப்புற எக்ஸ்டென்ஷன் கார்டும் வாங்குங்கள்.

கணக்கு எளிது. வழக்கமான 15 ஆம்பியர் சுற்று தாங்குவது 1,800 வாட்; மணிக்கணக்கில் எரிய விடும்போது எண்பது சதவீதம், அதாவது 1,440 வாட்டோடு நிறுத்த வேண்டும். பழைய பெரிய கண்ணாடி பல்பு ஒன்று 7 வாட். 25 பல்பு உள்ள ஒரு சரம் 175 வாட், எட்டுச் சரம் போட்டால் 1,400. அந்தச் சுற்றிலேயே கராஜ் ஃபிரிட்ஜும் இருந்தால் பிரேக்கர் விழும். எல்.ஈ.டி.யில் அதே 25 பல்பு பெரும்பாலும் ஐந்து வாட்டுக்குள் அடங்கும். வீட்டையே சுற்றினாலும் கவலை இல்லை.

மழை பெய்த இரவில் விளக்கெல்லாம் அணைந்துபோனால் பிரேக்கர் பெட்டிக்கு ஓடாதீர்கள். வெளி ப்ளக்குகளுக்கு மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு உண்டு. அதன் சிறிய பொத்தான் வெளிச்சுவரிலேயே இருக்கலாம். பல வீடுகளில் கராஜ் சுவரில், நாம் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும். அழுத்தியும் நிற்கவில்லை என்றால் இரண்டு சரம் சேரும் மூட்டு எங்கோ புல்லில் கிடந்து நனைகிறது என்று பொருள். மூட்டைத் தரையிலிருந்து தூக்கி ஒரு செங்கல் மேல் வையுங்கள்.

கூரைக்கு ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். கம்பி துளைபடும், விதி மீறலும் ஆகும். மழைநீர்க் குழாய் விளிம்பில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப், நூறு கொண்ட பையாகச் சில டாலருக்குக் கிடைக்கிறது. ஏணி நான்கடி உயரத்துக்கு ஓரடி தள்ளி நிற்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ஈர இலை மேல் ஏணி போடுவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

டைமர் கட்டாயம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். பல மாநிலங்களில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். சூரிய அஸ்தமனத்தை வைத்து இயங்கும் டைமர் என்றால் மாற்றி வைக்க வேண்டாம். இரவு பத்தரைக்கு அணையும்படி வையுங்கள். புகார்களில் பாதி நேரம் கடந்து எரியும் விளக்காலும், எதிர்வீட்டுப் படுக்கையறையில் பனித்துளி காட்டும் புரொஜெக்டராலும் வருபவை. காற்றடைத்த பொம்மைகள் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்காது. பகலில் காற்றுப் போய்ப் புல்வெளியில் குப்புறக் கிடக்கும் சாண்டாவைப் பார்க்கச் சகிக்காது.

படி 5: ஹாலோவீனில் கதவைத் திறங்கள்

தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் வர வேண்டும் என்றால் அக்டோபர் 31 மாலை உங்கள் வாசல் விளக்கு எரிய வேண்டும். அதுதான் "இங்கே வரலாம்" என்பதற்கு அடையாளம், அணைத்தால் "இல்லை". எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று தெருவில் பழைய ஆட்களைக் கேளுங்கள். சில தெருக்களில் இருபது பேர், சில தெருக்களுக்கு வேறு இடங்களிலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். பாக்கெட் பிரிக்காத கடை மிட்டாய் மட்டும் கொடுங்கள். வீட்டில் செய்த கடலை உருண்டையை எந்தப் பெற்றோரும் பிள்ளை கையில் விட்டுவைக்க மாட்டார்கள். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி இருந்தால், அந்த வீட்டில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குப் பதில் சின்னப் பொம்மை கிடைக்கும் என்று பொருள்.

படி 6: தீபாவளி

அழைப்பிதழை வீடு வீடாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: தபால்தலை ஒட்டாத காகிதத்தை யாருடைய மெயில்பாக்ஸிலும் போடக் கூடாது, அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கதவில் செருகுங்கள், அல்லது மணியடித்துக் கையில் கொடுங்கள். கையில் கொடுப்பதே மேல். பெயர் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

பட்டாசு விஷயத்தில் எச்.ஓ.ஏ.வைவிட மாநிலமும் நகரமும்தான் முதல் வார்த்தை. மாசசூசெட்ஸில் கம்பி மத்தாப்பு உட்பட எதுவுமே கூடாது. நியூ ஜெர்சியில் 2017 முதல் மத்தாப்பு மாதிரியான சிறு வகைகள் மட்டும் உண்டு. கலிஃபோர்னியாவில் அனுமதி உள்ள ஊர்களிலும் சில்லறை விற்பனை ஜூன் 28 முதல் ஜூலை 6 வரைதான். அனுமதி உள்ள இடத்தில் இருந்தால் மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. அதுவே ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸில் எரிகிறது. ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பிகளை உடனே அதில் போடச் சொல்லுங்கள். நாய் வளர்க்கும் வீட்டுக்கும், போரில் பணியாற்றிய முன்னாள் படைவீரர் இருக்கும் வீட்டுக்கும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். சாட்டையும் சங்குசக்கரமும் கான்கிரீட்டில் விடும் கருப்பு வட்டம் மாதக்கணக்கில் போகாது; அதற்குத் தனியாக ஒரு கடிதம் வரும்.

கோலத்துக்கும் இதே கதைதான். சாயம் ஏற்றிய ரங்கோலிப் பொடி டிரைவ்வேயில் கறை பிடிக்கும், கழுவினால் மழைநீர் வடிகாலில் போய்ச் சேரும். பிள்ளைகளின் நடைபாதைச் சுண்ணக்கட்டி அழகாகக் கோடு விழுகிறது, மழையில் தானே போகிறது. அரிசி மாவும் போடலாம், அணில் விட்டுவைக்கும் வரை.

பலகாரப் பெட்டியில் கவனிக்க வேண்டியது ஒவ்வாமை. முந்திரி, பாதாம், நெய், பால், கோதுமை எதில் இருக்கிறது என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். முறுக்கு அரிசி மாவுதானே, கோதுமை ஒவ்வாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைப்போம். ஆனால் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முதல் முறை கொடுக்கும் வீட்டுக்குத் தேன்குழலும் மைசூர்பாகும் போதும். தீபாவளி லேகியத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

படி 7: கார்த்திகையும் டிசம்பரும்

அகல் விளக்கை வாசற்படியில் வரிசையாக வைக்கும்போது பயப்பட வேண்டியது செடிகளுக்கு அடியில் பரப்பியிருக்கும் மரப்பட்டைத் தூளுக்கு. காய்ந்த தூளில் ஒரு பொறி விழுந்தால் உடனே சுடர் தெரியாது. உள்ளுக்குள் மணிக்கணக்கில் கனன்று, நாம் தூங்கிய பிறகு சுவரைப் பிடிக்கும். கான்கிரீட் படியில் மட்டும், தட்டின் மேல், கதவில் தொங்கும் காய்ந்த இலை வளையத்திலிருந்து தள்ளி வையுங்கள். மற்ற இடங்களுக்குப் பேட்டரி அகல் போதும். தெருவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பல குடியிருப்புகளில் டிசம்பர் 24 இரவு நடைபாதை நெடுக லூமினாரியா வைப்பார்கள்: காகிதப் பை, அடியில் மணல், நடுவில் மெழுகு விளக்கு. நியூ மெக்சிகோ பக்கத்து வழக்கம் இது. கார்த்திகையில் அகல் வரிசை வைத்த கைக்கு இது புது வேலையே இல்லை. மணல் நிரப்ப ஆள் தேடும்போது முன்னால் போய் நில்லுங்கள். தீயணைப்பு வண்டியில் சாண்டா வரும் நாள், பிஸ்கட் பரிமாற்றம், அலங்காரப் போட்டி இவற்றின் தேதிகள் எச்.ஓ.ஏ. செய்திமடலில் வரும்.

நவம்பர், டிசம்பரில் இன்னொன்றும் வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள்: ஆண்டுக் கூட்டமும் அடுத்த ஆண்டு வரவுசெலவும். எல்லோரும் ஷாப்பிங்கில் இருக்கும் நேரத்தில் குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் கூட்டம் தள்ளிப்போகும், அல்லது பத்துப் பேர் உட்கார்ந்து கட்டண உயர்வை நிறைவேற்றுவார்கள். போக முடியாவிட்டால் பதிலி வாக்குப் படிவத்தையாவது நிரப்பி அனுப்புங்கள். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். அது குறைவாக இருந்தால் நீச்சல் குளமோ கூரையோ பழுதாகும் ஆண்டில் தனி வசூல் உங்கள் தலையில் விழும். விளக்குத் தேதியை மாற்றும் கோரிக்கையும் எளிதில் நிறைவேறுவது, முகம் தெரிந்தவர் கேட்கும்போதுதான்.

தபால்காரருக்கு அன்பளிப்பு தர விரும்பினால், ரொக்கம் அவர் வாங்கக் கூடாது. ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்குள் பொருளோ கடைப் பரிசு அட்டையோ தரலாம், ஆண்டுக்கு ஒருவரிடமிருந்து மொத்தம் 50 டாலர் வரை.

படி 8: ஊருக்குப் போகிறீர்களா?

பள்ளி விடுமுறை, மார்கழிக் கச்சேரி, கல்யாணம் என்று டிசம்பரில் பாதி வீடு சென்னைக்குக் கிளம்பிவிடும். தபாலை 3 முதல் 30 நாள் வரை நிறுத்திவைக்க அஞ்சல் துறையின் தளத்திலேயே பதியலாம். வாசலில் பார்சல் கிடந்தால் திருடுபோகும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எதையும் வரவழைக்காதீர்கள். தோட்டக் குழாயைக் கழற்றுங்கள், முதன்மைத் தண்ணீர் வால்வை மூடுங்கள், வெப்பத்தை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். தெற்கில்தானே இருக்கிறோம் என்று விடாதீர்கள். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்தபோது குழாய் வெடித்த வீடுகள் ஏராளம். பனி விழும் ஊர் என்றால் நடைபாதையை வாரிவிட ஆள் ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் ஆள் இல்லை என்பது அபராதத்துக்குப் பதிலாகாது. பக்கத்து வீட்டில் ஒரு சாவியும் உங்கள் வாட்ஸ்அப் எண்ணும் இருக்கட்டும்.

படி 9: ஜனவரி

நிஜ கிறிஸ்துமஸ் மரம் வைத்திருந்தால் ஜிகினா, விளக்கு, தாங்கி எல்லாவற்றையும் கழற்றி, குப்பைத் துறை அறிவித்த நாளில் தெரு ஓரத்தில் வையுங்கள்; பல ஊர்களில் அது ஜனவரி முதல் இரண்டு வாரத்தோடு முடிந்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் எடுக்க மாட்டார்கள்.

விளக்கை இறக்கும் கடைசி நாள் நிறைய இடங்களில் ஜனவரி 15. போகியன்று பழையன கழிக்கும் கணக்கில் அதை வைத்துக்கொள்ளலாம். எரிப்பது மட்டும் கூடாது. பொங்கல் பானையை டிரைவ்வேயில் கேம்பிங் அடுப்பில் வைப்பதாக இருந்தால் கராஜுக்கு வெளியே, கதவிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். கராஜுக்குள் எரிவாயு அடுப்பு மூட்டுவது கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு வழி. வடக்கே குளிர் தாங்கவில்லை என்றால் சமையலறையிலேயே பொங்கட்டும்.

சரங்களை உருட்டிப் பையில் திணிக்காதீர்கள். அட்டைத் துண்டு ஒன்றில் இருபக்கமும் வெட்டுப் போட்டுச் சுற்றி, ப்ளக் முனை வெளியே தெரிய விட்டு, "கராஜ் மேல் இடது", "போர்ச் கைப்பிடி" என்று மார்க்கரால் எழுதிவையுங்கள். எரியாத சரத்தை இப்போதே தூக்கிப் போட்டுவிட்டு, ஜனவரித் தள்ளுபடியில் ஒன்று வாங்கி அதே டப்பாவில் வைத்துவிடுங்கள்.